எந்தத் தலைக்கும் பொருந்தும்

வியாழக்கிழமை காலை மேனேஜர் அறையில் கூடியிருந்தவர்களும் அவர்கள் அமர்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு: மேஜைக்குப் பின்னால், சுழல் நாற்காலியில் மேனேஜர். அவருக்கு வலப்பக்கம் ஜன்னலை ஒட்டி டைப்பிஸ்ட் அம்மா. எதிரே, ஒரு கால் குட்டையான ஸ்டூலில், அது ஆடாமல் இருக்கத் தன் காலையே முட்டுக்கொடுத்தபடி கடுதாசி சார். கதவருகே அச்சுப் பட்டறை மாஸ்டர், அவர் நின்றுகொண்டிருந்தார். உட்கார்ந்தால் மரத்தூள் உதிரும் என்று அவரை யாரும் உட்காரச் சொல்வதில்லை. மேஜை நடுவில், கூப்பிடாமல் வந்த விருந்தாளியைப் போல ஒரு கறுப்பு ஹெல்மெட்.

நியாயமாக அது அந்த நேரத்தில் கடுதாசி சாரின் தலையில் இருந்திருக்க வேண்டும். பாதி தூரம் போய்விட்டுத் திரும்பி வந்திருந்தது.

“இன்னொரு தடவை அமுக்கிப் பாருங்க சார்,” என்றார் மேனேஜர்.

“அமுக்கிட்டேன் சார். நெத்தியில முட்டிக்கிட்டு நிக்குது.”

“மீடியம் சைஸ்தானே அது? லார்ஜ் எடுத்துப் போடுங்க.”

டைப்பிஸ்ட் அம்மா எடுத்துக் கொடுத்த லார்ஜ் சைஸ் ஒரே வழுக்கலில் இறங்கியது. மேனேஜர் முகம் மலர்ந்தது. கடுதாசி சார் நன்றி சொல்ல டைப்பிஸ்ட் அம்மா பக்கம் திரும்பினார். தலை திரும்பியது. ஹெல்மெட் மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“சார், என்னைப் பாக்கறீங்களா, அவரைப் பாக்கறீங்களா?” என்றாள் டைப்பிஸ்ட் அம்மா.

“உங்களைத்தாம்மா பாக்கறேன். ஆனா இருட்டா இருக்கு.”

கடுதாசி சாருக்கு அந்த ஹெல்மெட் கம்பெனியில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை. சேர்ந்த நாளிலிருந்து அதே மேஜை, அதே வேலை. யார் என்ன எழுதிக் கேட்டாலும் அவருடைய பதிலில் இரண்டு வாக்கியங்கள் கட்டாயம் இருக்கும்: ‘எங்கள் ஹெல்மெட் எந்தத் தலைக்கும் பொருந்தும். அருள்கூர்ந்து தங்கள் தலையை மீண்டும் ஒருமுறை அளந்து பார்க்கவும்.’ பேருந்தில் வந்து பேருந்தில் போகிறவர் என்பதால், இத்தனை வருஷத்தில் அவர் தலையில் ஹெல்மெட் என்ற ஒன்று ஏறியதே இல்லை.

பதிலை உறையில் போட்டு ஒட்டியதும் இன்னொரு காரியமும் தவறாமல் செய்வார். மேஜை மேலிருக்கும் போனை எடுத்து அச்சுப் பட்டறைக்குச் சுழற்றுவார். ஒரு மரத்தலையை வைத்துத்தான் அங்கே எல்லா ஹெல்மெட்டுக்கும் அச்சு எடுப்பார்கள். சின்னது, நடுத்தரம், பெரியது எல்லாமே அந்த ஒரு தலையின் வாரிசுகள்.

“மாஸ்டர், ஒருத்தருக்குக் காதுகிட்ட இடிக்குதாம். கொஞ்சம் பாத்துக்கங்க.”

“ஆகட்டும்.”

“மாஸ்டர், இன்னொருத்தர் எழுதியிருக்கார். நெத்திகிட்ட விரல் போற அளவுக்கு எடம் இருக்காம்.”

“ஆகட்டும்.”

மாஸ்டர் பேசி மற்றவர்கள் கேட்ட மொத்தப் பேச்சும் அதுதான். கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுவார், அவ்வளவுதான் அவர் வேலை என்று கடுதாசி சார் நினைத்திருந்தார். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே என்பதற்காக விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

சமீப காலமாகச் சொல்வதற்கும் ஒன்றுமில்லை. புகார்கள் குறைந்து, தேய்ந்து, சுத்தமாக நின்றுவிட்டன. “எல்லாம் உங்க எழுத்துதான் சார். படிச்சவன் மறுபடி வாயைத் திறக்க மாட்டான்,” என்று மேனேஜர் பாராட்டியிருந்தார். கடுதாசி சாரும் மனதுக்குள் அதை ஒப்புக்கொண்டிருந்தார்.

“விஷயத்தைக் கேளுங்க,” என்றார் மேனேஜர் இப்போது. “வர்ற திங்கக்கிழமை பார்சல் கம்பெனி முதலாளி அம்மா வர்றாங்க. அவங்ககிட்ட வண்டி ஓட்டறவங்க எத்தனை பேருன்னு அவங்களுக்கே தெரியாது. அத்தனை பேருக்கும் நம்ம ஹெல்மெட். அவங்க வாசல்ல நிக்கும்போது நம்ம ஆளுங்க நம்ம ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு வரிசையா வண்டியில உள்ள வரணும். முதல் வண்டி நீங்க.”

“நான் எதுக்கு சார்? எனக்கு வண்டியே இல்லையே.”

“எந்தத் தலைக்கும் பொருந்தும்னு ஊரெல்லாம் எழுதிப் போட்டது யாரு? நீங்கதான் முன்னால வரணும். மச்சான்கிட்ட வண்டி இருக்குல்ல, வாங்கிக்கங்க.” மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணும் சொல்லிடறேன். புகாரே வரலைன்னா புகார்ப் பிரிவு எதுக்குன்னு மேலிடத்துல கேக்கறாங்க. இந்த ஆர்டர் வந்துட்டா அதை வாடிக்கையாளர் பிரிவுன்னு மாத்தி, உங்களுக்குத் தனி அறை, தனி ஃபேன். வரலைன்னா குடோன்ல பெட்டி அடுக்கற வேலைதான் பாக்கி.”

கடுதாசி சாருக்கு முதுகு வலி உண்டு. குடோனில் ஃபேனும் கிடையாது.

மாஸ்டர் கதவருகே தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார்.

“ஆகட்டும்தானே? சரி, நீங்க போங்க,” என்றார் மேனேஜர்.

மாஸ்டர் வாயை மூடிக்கொண்டு போனார்.

அன்று மதியம் கடுதாசி சார் தன் அறிவுரையைத் தானே கடைப்பிடித்தார். டைப்பிஸ்ட் அம்மாவிடம் டேப்பைக் கொடுத்துத் தலையை அளக்கச் சொன்னார். இந்தக் கட்டடத்தில் அவர் தலையை டேப் தொடுவது இரண்டாவது முறை. வேலைக்குச் சேர்ந்த வாரம் யாரோ வந்து அளந்துவிட்டுப் போனார்கள். யூனிபார்ம் தொப்பிக்கு என்று நினைத்துக் காத்திருந்தார். தொப்பி வரவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை அதற்கு நினைவூட்டுக் கடிதம் எழுதுவார்.

“சுத்தளவு மீடியம்தான் சார் காட்டுது,” என்றாள் டைப்பிஸ்ட் அம்மா. பிறகு ஒரு எட்டு பின்னால் போய்ப் பக்கவாட்டில் நின்று பார்த்தாள். “ஆனா அளவு எல்லாம் தப்பான எடத்துல இருக்கு.”

“அப்படின்னா?”

“முன்னாலயும் பின்னாலயும் தாராளம். காதுப் பக்கம் சிக்கனம். முட்டையைப் படுக்க வச்சா எப்படி இருக்கும், அந்த மாதிரி.”

“இத்தனை வருஷமா எதிர்ல உக்காந்திருக்கீங்க, சொல்லவே இல்லையே?”

“எதிர்ல இருந்து பாத்தா தெரியல சார்.”

வெள்ளிக்கிழமை மாலை முடிதிருத்துபவரிடம் போனார். மீடியம் பாதி வரை போகிறது. மீதியைத் தடுப்பது முடிதான் என்பது அவர் கணக்கு.

“ஒட்ட வெட்டிடவா?” என்றார் முடிதிருத்துபவர்.

“எவ்வளவு ஒட்ட முடியுமோ அவ்வளவு. இந்த ஹெல்மெட் உள்ள போகணும்.”

முடிதிருத்துபவர் ஹெல்மெட்டையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். “வெட்டறதுக்கு முடி கொஞ்சம்தான் சார் இருக்கு. மிச்சமெல்லாம் எலும்பு.”

வெட்டி முடித்ததும் தலையில் எறும்புக்குக்கூட மறைவிடமில்லை. கடுதாசி சார் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் அமுக்கினார். மீடியம் மளமளவென்று இறங்கிக் கண் வரை வந்து நின்றது. முடிதிருத்துபவர் கைதட்டினார். அப்புறம்தான் அதைக் கழற்றப் பார்த்தார்கள். குட்டையாக வெட்டிய முடி உள்ளே போகும்போது படிந்து வழிவிட்டு, வெளியே இழுக்கும்போது முள்ளாக நிமிர்ந்து பஞ்சில் குத்திக்கொண்டது.

அப்படியே வீட்டுக்கு நடந்தார். வழியில் தெரிந்தவர்கள் எதிரே வந்தார்கள். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை என்பது ஒன்றுதான் அன்று நடந்த நல்லது.

கதவைத் திறந்த மனைவி ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“வண்டி எங்க?”

“வண்டி இல்ல.”

“அப்ப இது எதுக்கு?”

“கழட்ட வரல.”

“என்னங்க, நான் பேசறது கேக்குதா?”

“என்ன?”

“ம்ஹும். ஹெல்மெட் இல்லாதப்பவும் இதேதான்,” என்றாள் மனைவி. ஆனாலும் அவரைச் சமையலறைக்கு இழுத்துப்போய்த் தொட்டிமேல் குனிய வைத்தாள். பாத்திரம் கழுவும் சோப்பு நீரைப் பாட்டிலோடு கவிழ்த்து ஹெல்மெட்டின் விளிம்பு வழியே ஊற்றினாள். அந்த நேரம் பார்த்து வண்டியைக் கொண்டுவந்த அவள் தம்பி, ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தான். ஹெல்மெட் கையோடு வந்தது. மச்சான் அதோடு பின்னால் போய் அரிசிப் பானை மேல் உட்கார்ந்தான்.

“மாமா, உங்க தலையா இது?” என்றான், உட்கார்ந்த இடத்திலிருந்தே. “இவ்வளவு நாள் முடி மறைச்சிருந்துச்சு.”

“வாயை மூடுடா,” என்றாள் அக்கா. “நான் பாத்துத்தான் கட்டிக்கிட்டேன்.”

அப்படிச் சொன்னாளே தவிர, ராத்திரி சாப்பாடு முடியும்வரை அவரைப் பக்கவாட்டில் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் புரையேறிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை லார்ஜ் ஹெல்மெட்டோடு ஒத்திகை. மனைவியும் பின்னால் ஏறிக்கொண்டாள். “தனியா விட்டா நீங்க எங்கயாவது போயிடுவீங்க.” தெரு முனை வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. முனையில் ஒரு ரவுண்டானா. அதில் நுழைந்ததும் பக்கத்தில் வண்டி வருகிறதா என்று கடுதாசி சார் திரும்பிப் பார்த்தார். தலை போய்விட்டது, ஹெல்மெட் நேராகவே நின்றது. கண்ணுக்கு முன்னால் கறுப்புப் பஞ்சு. கையை எடுத்துச் சரி செய்யலாமென்றால் வண்டி சாயும். அதனால் வட்டமாகவே ஓட்டினார்.

“என்னங்க, இந்த மருந்துக் கடையை இப்பத்தான பாத்தோம்?”

“வேற மருந்துக் கடையா இருக்கும்.”

“அதே ஆள்தாங்க உக்காந்திருக்கார். இப்ப கையும் காட்டறார்.”

அடுத்த சுற்றில் மருந்துக் கடைக்காரர் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். அதற்கடுத்த சுற்றில் மனைவி பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் ஹெல்மெட்டைப் பிடித்து, ஜாடியின் மூடியைத் திருகுவதுபோலத் திருகி, வீட்டுத் திசைக்குத் திருப்பி வைத்தாள். அப்படியே பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

“திங்கக்கிழமையும் நான் வந்து பிடிச்சுக்கவா?” என்று இறங்கும்போது கேட்டாள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். அவர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்ததும் அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“குடோனுக்குப் போட்டுடுவாங்களா?”

“போட்டுடுவாங்க.”

“உங்க முதுகை வச்சுக்கிட்டுப் பெட்டி தூக்குவீங்களா?”

“எத்தனை பேருக்கு எழுதியிருக்கேன், உங்க தலையை அளந்து பாருங்கன்னு. ஒருத்தராவது அளந்து பாத்தேன்னு திருப்பி எழுதல. இப்பத்தான் தெரியுது, அளந்துட்டு என்ன செய்யணும்னு நானே எழுதல.”

“டேய்!” என்று உள்ளே பார்த்துக் கத்தினாள் மனைவி. “மாமாவுக்கு ஏதாவது பண்ணுடா. படிச்சவன்தானே நீ?”

மச்சான் படித்தது கணக்குப்பதிவு. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலை பழுதில்லாத யோசனை ஒன்றோடு வந்தான். லார்ஜில் முன்னும் பின்னும் சரியாக இருக்கிறது. காதுப் பக்கம்தான் காலி. மீடியத்தின் உள்பஞ்சோ யாருக்கும் பயனில்லாமல் மொட்டைமாடிக் கொடியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இதை வெட்டி அதில் அடைத்துவிட்டால்?

“அந்தப் பஞ்சை அலசினியாடா?” என்று கேட்டாள் அக்கா.

“காஞ்சு மொறமொறன்னு இருக்குக்கா. காஞ்சதை எதுக்கு அலசணும்?”

அடைத்தார்கள். தைத்தார்கள். கடுதாசி சார் மாட்டிக்கொண்டு இடப்பக்கம் பார்த்தார்; ஹெல்மெட்டும் பார்த்தது. வலப்பக்கம் பார்த்தார், கூடவே வந்தது. குனிந்தார், நிமிர்ந்தார், மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“தனி அறை,” என்றார். “தனி ஃபேன்.”

“கண்ணடிக்கறது எல்லாம் அறை வந்த பிறகு வச்சுக்கலாம்,” என்றாள் மனைவி. ஆனால் அவளும் சிரித்தாள்.

திங்கள்கிழமை காலை கம்பெனி வாசலில் மேனேஜர் குடையோடு நின்றார். குடைக்குள் பார்சல் கம்பெனி முதலாளி அம்மா. நடுவயது, உயரம், எதையும் தட்டிப் பார்த்தே நம்புகிற கை. சற்றுத் தள்ளிப் பட்டறை வாசலில் மாஸ்டர். தூறல் லேசாக ஆரம்பித்திருந்தது.

வரிசை வந்தது. முதல் வண்டியில் கடுதாசி சார், முதுகு நிமிர்ந்து, தலை நேராக. அப்படி ஒரு கம்பீரத்தோடு அவர் எதிலும் முன்னால் வந்ததில்லை. தூறல் வலுத்தது. வலுத்த தூறல் ஹெல்மெட்டின் விளிம்பு வழியே உள்ளே இறங்கியது. உள்ளே, அலசாத பஞ்சு அதற்காகவே காத்துக்கொண்டிருந்தது.

முதலில் வலக்காதுப் பக்கம் ஒரு சின்ன வெள்ளைக் குமிழி எட்டிப் பார்த்தது. வண்டியின் அதிர்வில் பஞ்சு பிசைந்து பிசைந்து, குமிழி கொத்தாகி, கொத்து நுரையாகி, இரண்டு பக்கமும் கன்னம் வழியே இறங்கித் தாடி போலத் தொங்கியது. எலுமிச்சை வாசனை வாசல் முழுக்கப் பரவியது.

“அவருக்கு என்ன ஆச்சு?” என்றார் முதலாளி அம்மா.

மேனேஜர் குடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு சொன்னார்: “அது… சுத்தமா இருக்கணும்னு…”

கண்ணில் சோப்பு இறங்கியதும் கடுதாசி சார் வண்டியை நிறுத்தினார். நிறுத்தியது மேனேஜரின் காலுக்கு மிக அருகில். பின்னால் வந்தவர்களும் வரிசையாக நின்றார்கள். முதலாளி அம்மா குடையை விட்டு வெளியே வந்தார். கடைசி வண்டியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொருவர் ஹெல்மெட்டையும் இரண்டு கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. குண்டு ஆள், ஒல்லி ஆள், காவலாளி, டைப்பிஸ்ட் அம்மா, யார் தலையிலும் ஒரு அணுவும் அசையவில்லை. கூடவே வளர்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தன.

கடைசியாகக் கடுதாசி சாரிடம் வந்து பிடித்தார். சோப்பில் நனைந்த பஞ்சு வழுக்க, ஹெல்மெட் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

முதலாளி அம்மாதான் முதலில் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“இத்தனை தலையில ஒரே ஒரு தலைக்குத்தான் பொருந்தல,” என்றார் மேனேஜரிடம். “நான் பாத்த மத்த கம்பெனிங்கள்ல ஒரே ஒரு தலைக்குத்தான் பொருந்துச்சு. ஆர்டர் உங்களுக்குத்தான். ஆனா ஒண்ணு. இவருக்கு மட்டும் ஏன் பொருந்தலன்னு எனக்கு எழுத்துல வேணும். என் கூட்டாளி கேப்பார். இன்னிக்குத் தபால்ல போட்டுடுங்க.”

“அவர் தலை தனி ரகம்மா,” என்றார் மேனேஜர்.

“அதைத்தான் எழுதுங்க.”

மாஸ்டர் பட்டறை வாசலிலிருந்து இரண்டு எட்டு முன்னால் வந்தார். வாயைத் திறந்தார்.

“ஆகட்டும் மாஸ்டர், ஆகட்டும்! எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, போய் வேலையைப் பாருங்க!” என்றார் மேனேஜர், சந்தோஷத்தில் குடையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு.

தலையைத் துவட்டிக்கொண்டு கடுதாசி சார் தன் மேஜையில் உட்கார்ந்தார். அன்றைக்கு எழுதியதைப் போன்ற கடினமான கடிதத்தை அவர் அதுவரை எழுதியதில்லை. மற்றவர் தலையைக் குறை சொல்வது பழகிப்போயிருந்தது. சொந்தத் தலையைக் குறை சொல்ல வார்த்தை தேட வேண்டியிருந்தது.

‘மதிப்பிற்குரிய அம்மையாருக்கு, வணக்கம். இன்று காலை தாங்கள் நேரில் கண்ட குறை ஹெல்மெட்டைச் சேர்ந்ததன்று, தலையைச் சேர்ந்தது. மேற்படித் தலை என்னுடையது. அது முன்பின் நீண்டும் பக்கவாட்டில் ஒடுங்கியும் அமைந்து, பொது அளவு எதற்கும் ஒத்துவராத தலை என்பதை அதன் உரிமையாளன் என்ற முறையில் உறுதி கூறுகிறேன். எங்கள் ஹெல்மெட் இத்தகைய தலையை மனத்தில் வைத்து ஒருபோதும் செய்யப்பட்டதன்று. நுரைக்கு என் மைத்துனர் பொறுப்பு.’

டைப்பிஸ்ட் அம்மா அடித்துக் கொடுத்தாள். அடிக்கும்போது ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அதற்கு அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பது காதின் சிவப்பில் தெரிந்தது.

“இதுல கையெழுத்துப் போடப் போறீங்களா சார்?”

“தனி அறைக்கு வாடகைம்மா இது,” என்றார் கடுதாசி சார். கையெழுத்துப் போட்டார். மூன்றாக மடித்தார். உறையில் இட்டு, விளிம்பில் பசை தடவி, கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தார். தபால் தலை ஒட்டினார். வாசலுக்கு அவரே கொண்டுபோய்த் தபால் பையில் போட்டார். பையைக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். வண்டி புகையை விட்டுக்கொண்டு திருப்பத்தில் மறைந்தது.

வாசலில், விரித்த குடையை மடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு மாஸ்டர் நின்றிருந்தார். மழை எப்போதோ விட்டிருந்தது.

கடுதாசி சார் தலையைத் தடவிக்கொண்டே அவர் பக்கத்தில் போய் நின்றார். “இந்த மாதிரி ஒரு தலையை நீங்க பாத்ததே இல்லைல்ல மாஸ்டர்?”

மாஸ்டர் வாயைத் திறந்தார். குறுக்கே பேச அங்கே யாரும் இல்லை.

“நீங்க வேலைக்குச் சேர்ந்த வாரம் நான் அளந்தது தொப்பிக்கு இல்ல சார், அந்த மரத்தலையே உங்க தலையைப் பாத்துச் செதுக்கினதுதான், அப்புறம் நீங்க போன் பண்ணிச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா அதை மாத்திட்டேன்.”